தரை துடைக்கும் பேசின்

மார்ச் 4, செவ்வாய்

முட்டி இன்றைக்கும் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரி நடைக்கூடம் என் காலுக்கு நூற்றுப் பன்னிரண்டு அடி. அதைக் குந்திக் குந்தித் துடைக்கிறவளுக்கு ஒரு மாத்திரை கொடுக்க அங்கே ஆள் இல்லை. மூன்று பேர் துடைத்த இடம் அது. ஒருத்தி கல்யாணமாகிப் போனாள். ஆள் போடுங்கள் என்றால் சூப்பர்வைசர், "பாக்கலாம்மா" என்கிறார். ஆறு மாதமாகப் பார்க்கிறார். கண்ணா அது, புண்ணா?

என் பங்கில் பாதியைக் குருவிதான் செய்கிறாள். கூட வேலை பார்க்கிறவள். ஒல்லி, ஓயாத வாய், அதைவிட ஓயாத கால். அதனால் அந்தப் பேர். "நீ உக்காருக்கா, நான் ஒரு இழுப்பு இழுத்துடறேன்." அவளுக்கும் இடுப்பு இருக்கிறதே. நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வாய்விட்டுத் திட்ட இடம் வேண்டும் என்றுதான் இந்த நோட்டு. பள்ளிக்கூடம் போகாதவள் எழுதுகிறாளாம், வீட்டுக்காரர் சிரிக்கிறார். எழுத்து என்ன இவர் பாட்டன் சொத்தா? பஸ் போர்டு பார்த்துப் படித்தவள் நான்.

மார்ச் 9, ஞாயிறு

இவர் கார் மெக்கானிக். கட்டிலுக்கு அடியில் பழைய வண்டிச் சாமான் குவிந்து கிடக்கிறது. அதிலிருந்து இரண்டு வைப்பர் மோட்டாரை உருவினேன். வைப்பர் என்றதும் என் தம்பி ஞாபகம் வருகிறது. டிரைவராகச் சேர்ந்த முதல் நாள் கொளுத்துகிற வெயிலில் கார் வைப்பர் ஆட ஆட முதலாளி வீட்டு வாசலில் போய் இறங்கினான். நிறுத்தத் தெரியவில்லை. முதலாளி மேலே பார்த்தார், இவனைப் பார்த்தார்... சரி, அதை எழுதினால் நோட்டு தீர்ந்துவிடும்.

பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, மோட்டாருக்கு ஒரு சக்கரம் மாட்டினேன். சக்கரம் டப்பா மூடி. வழுக்காமல் இருக்க சைக்கிள் டியூப் சுற்றினேன். முன்னால் நாற்காலி உருளை. உள்ளே ஸ்கூட்டர் பேட்டரி. பின்னால் ஈரத்துணி. ஃபிரிட்ஜ் கதவை மூடினால் விளக்கை அணைக்குமே ஒரு பட்டன், அதை முன்பக்கம் வைத்தேன். சுவரில் இடித்தால் பட்டன் அமுங்கி ஒரு சக்கரம் நிற்கும். மற்றது ஓடும். வண்டி தானாகத் திரும்பும்.

"சைக்கிளே ஓட்டத் தெரியாது, இவ வண்டி செய்றா."

"நீங்க டீயக் குடிங்க."

மார்ச் 10

ஓடவில்லை. சுவரில் முட்டிக்கொண்டு உறுமியது. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் அப்படித்தான் இருக்கிறார்.

மார்ச் 17, திங்கள்

ஓடுகிறது! ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குருவி முன்னால் கூட்டிக்கொண்டே போனாள், பேசின் பின்னால் துடைத்துக்கொண்டே வந்தது. கூட்டாத இடத்தில் விட்டால் குப்பையை ஊர்வலம் கூட்டிப்போகும். அது கிட்டே வந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் எல்லாம் காலைத் தூக்குகிறார்கள். "ஏக்கா, நாம துடைக்கிறப்ப ஒருத்தராவது தூக்கினாங்களா? பேசினுக்கு இருக்கிற மரியாதையப் பாரேன்!" சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

மார்ச் 20, வியாழன்

சூப்பர்வைசர் பார்த்தார். தோளில் தட்டாத குறை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 21, வெள்ளி

பாவி. படுபாவி. குருவியைத் திங்கள்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். "மெஷின் இருக்கேம்மா, ரெண்டு பேர் எதுக்கு?"

குருவி அழவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "உன் கை நல்லா இருக்கட்டும்க்கா. ரொம்ப நல்லா இருக்கட்டும்."



மார்ச் 22

வியாழக்கிழமை நடந்ததில் ஒன்றை எழுதாமல் விட்டேன். அந்த ஆள், "எவ்வளவு வேலை செய்யும்?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன்? "ரெண்டு ஆள் வேலை செய்யும் சார்."

எத்தனை ஆள் என்று கேட்டானா? எவ்வளவு என்றுதானே கேட்டான்? ரெண்டு ஆள் என்று ஏண்டி சொன்னே? கதை அளக்குற நாக்கு. ஒன்றை நாலாகச் சொல்லாவிட்டால் அதுக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவ எங்க போவா?

மார்ச் 24, திங்கள்

வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். "இங்க கரன்ட்ல சார்ஜ் போட்டதும்மா. இனி அது ஆஸ்பத்திரிப் பொருள்." அப்படியானால் பத்து வருஷமாக இங்கே தண்ணீர் குடிக்கிறேனே, நானும் ஆஸ்பத்திரிப் பொருளா? கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

முன்னால் கூட்ட ஆள் இல்லை. நானும் கூட்டவில்லை. மெஷின் இரண்டு ஆள் வேலை செய்யுமே, செய்யட்டும்.

பத்து மணிக்கு ஒரு காய்ச்சல்காரர் பெஞ்சுக்குக் கீழே வாந்தி எடுத்தார். அவரைப் பிடித்து உட்காரவைத்து வாய் துடைத்துவிட்டேன். பேசின் நேராக அங்கேயே வந்தது. ஸ்விட்ச் என் கைக்கு எட்டும் தூரம். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

நூற்றுப் பன்னிரண்டு அடியும் இழுத்தது. சுவரில் இடித்தது, திரும்பியது, விட்ட இடத்தையும் பூசியது. பெரிய டாக்டரம்மா செருப்போடு அதில் வழுக்கிச் சூப்பர்வைசர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னம்மா இது!" என்று சூப்பர்வைசர் என்னிடம் கத்தினார்.

"மெஷின் போட்டிருக்கேன் சார்."

டாக்டரம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அவரைத்தான் கேட்டார்: "கூட்டிட்டு இருந்த பொண்ணு எங்க?"

அத்தனையையும் நான்தான் கழுவினேன். மூன்று மணி நேரம் ஆனது. முட்டி வெடித்துவிடும் போல் இருந்தது. வலிக்கட்டும்.

மார்ச் 31, திங்கள்

டாக்டரம்மா சொல்லி மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், குருவி வேலைக்கு வந்தாள். என்னோடு பேசவில்லை. அவள் ஒரு கோடியிலும் நான் ஒரு கோடியிலுமாகத் துடைத்துக்கொண்டு வந்தோம். நடுவில் சந்தித்தபோது சொல்லிவிட்டேன்: "ரெண்டு ஆள் வேலை செய்யும்னு நான்தாண்டி சொன்னேன்."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"தெரியும். அன்னிக்குக் கதவுக்குப் பின்னாலதான் நின்னுட்டு இருந்தேன்."

நான் என் துணியைப் பக்கெட்டில் முக்கி முக்கி அலசினேன்.

"தண்ணி அழுக்காயிடுச்சு, மாத்தணும்" என்று பக்கெட்டை என் பக்கம் தள்ளினாள். இதுவரை அவள்தான் தூக்குவாள். நான் எடுத்துக்கொண்டு போனேன்.