இந்த வாரத் தவறு

மார்ச் 4

அன்புள்ள அக்கா,

நலம். நீங்களும் நலம்தானே? பயிற்சிப் பொறுப்பை ஏற்றதும், முதல் வருஷ நர்ஸ்கள் வாரம் ஒரு தவறை மறைக்காமல் உங்களுக்கு எழுத வேண்டும் என்றீர்கள். இதுவரை பஞ்சு தீர்ந்தது, பதிவேட்டில் தேதி மாறியது என்று எழுதி ஒப்பேற்றினேன். இது நிஜமான தவறு.

தடுப்பூசிக்கு இரட்டைக் குழந்தைகள் வந்தார்கள். ஒருத்திக்குப் போட்டுவிட்டு அடுத்த ஊசியை எடுத்துத் திரும்பினேன். அதற்குள் அம்மா இருவரையும் மடியில் இடம் மாற்றி வைத்திருக்கிறாள். இரண்டும் வீறிட்டன. போட்டவளுக்கே மறுபடி போட்டுவிட்டேன். தொடையில் இரண்டு புள்ளிகளைப் பார்த்ததும்தான் தெரிந்தது. டாக்டருக்குப் போன் செய்தேன். பயமில்லை, கவனித்தால் போதும் என்றார். மாலைவரை பக்கத்திலேயே இருந்தேன். அந்த அம்மா சொன்னதுதான் மனதில் நிற்கிறது: "மறைக்காம சொன்னியே, அது போதும்மா. ஆனா என் மாமியாருக்குத் தெரிஞ்சா இனிமே இங்க விட மாட்டாங்க."

உங்களிடம் சொன்ன பிறகுதான் சோறு இறங்குகிறது.

உங்கள் தங்கை

மார்ச் 9

என் செல்லத் தங்கைக்கு,

அழுதிருப்பாய், தெரியும். இனி ஒருத்திக்குப் போட்டதும் அவள் மணிக்கட்டில் பிளாஸ்டர் ஒட்டிவிடு. உன் கடிதம் என் இழுப்பறையில், பூட்டுக்குள். உன் மாமாவுக்குக்கூடக் காட்ட மாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 27

அக்கா,

நேற்றுப் பயிற்சிக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, திரையில் என் கையெழுத்தில் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். பெயரை மட்டும் அழித்திருந்தீர்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் இரட்டைக் குழந்தைகள் ஒரே வீட்டில்தான். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள்.

இன்று காலை அந்த மாமியார் வந்து, இரண்டு தடுப்பூசி அட்டைகளையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இனி வர மாட்டார்களாம். நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டீர்களே அக்கா.

மார்ச் 31

தங்கைக்கு,

உன் நேர்மையை மற்றவர்களும் பார்க்கட்டும் என்றுதான் காட்டினேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும். சிரித்திருக்கவும் கூடாது. திட்டி வேண்டுமானாலும் எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய பயிற்சிப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த வாரம் என் பணியில் தவறு எதுவும் நடக்கவில்லை.

இங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் நர்ஸ், உங்களுக்கு முதல் கடிதம் எப்படி எழுதுவது என்று கேட்டாள். இதையே பார்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செவிலியர்