துறைமுகத்தில் கொக்கு

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். மீஞ்சூர் ஸ்டேஷனில் குடைக் கம்பி உடைந்தது. கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது தோள் முழுக்க ஈரம். கம்பெனியில் இன்று மூன்று லாரி. எந்தப் போல்ட் பெட்டியை முதலில் ஏற்றுவது என்று டிஸ்பேட்சில் ஆளாளுக்குக் கத்தல். கடைசியில் நான் சொன்ன வரிசைதான்.

சாயங்காலம் பெரிய செய்தி. ‘ஏழு துறைமுகம்’ கம்ப்யூட்டர் ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வியாழக்கிழமை வருகிறது. இந்த முறை தமிழிலும் ஆடலாமாம். தணிதான் லேப்டாப்பில் காட்டினார். (நேரில் மாமா, இங்கே தணி. என் நோட்டு, யார் பார்க்கப் போகிறார்கள்.)

முதல் பாகத்தை ஆறு வருடமாக ஆடுகிறோம். கல்யாணம் ஆன புதிதில் அவர் ஆட்டம், நான் வேடிக்கை. பிறகு எங்கே கோட்டை, யாரோடு சமாதானம், எப்போது படையெடுப்பு, எல்லாம் நான் சொல்ல ஆரம்பித்தேன். அவர் ஆங்கிலத்தைப் படித்துச் சொல்வார். நான் முடிவு சொல்வேன். அவர் அழுத்துவார். ப்ளஸ் டூ வரை எனக்குத் தமிழ் மீடியம். பார்ட் நம்பர், லேபிள் எல்லாம் படித்துவிடுவேன். ஆனால் பக்கம் பக்கமாக வரும் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் ஆட்டத்தின் ருசி போய்விடும். ஜெயித்தால் திரையில் அவர் பெயர்.

வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்.

நவ. 6, வியாழன்

வந்துவிட்டது. ஊரெல்லாம் திட்டு.

திருவள்ளூர் சீனு மதியமே வாங்கி ஆடிவிட்டுத் தணிக்கு போன் செய்தார். பாலிடெக்னிக் சிநேகம். சீனுவின் அப்பாவும் அண்ணாவும் கோயில் கைங்கரியம். இவரும் காலையில் கூடமாட. மதியம் நடை சாத்தினால் ஆட்டம்தான். ஸ்பீக்கரில் கேட்டது: நாற்பதாவது சுற்றை நெருங்கினால் ஆட்டம் நின்றுவிடுகிறது. எதிரிக் கப்பல்கள் கரையில் முட்டிக்கொண்டு அசையாமல் நிற்கின்றன. சேமித்து வைத்ததைத் திறந்தால் ஒன்றும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

தமிழ் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அந்தப் பக்கமே போகலை மன்னி என்றார்.

தணியின் தீர்ப்பு: ஆறு மாதம் போகட்டும். அதற்குள் சரிசெய்துவிடுவார்கள், விலையும் இறங்கும். நியாயமான பேச்சுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நவ. 8, சனி

அரை நாள் வேலை. வீட்டுக்கு வந்ததும் வாங்கிவிட்டேன். என் பெயரில், என் கார்டில்.

விற்கும் தளத்தில் ஒரு விதி: இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்துப் பிடிக்கவில்லை என்றால் திருப்பலாம். அதற்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் நம் தலையில்தான். செல்லில் நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் தணி.

தமிழா அது. கொம்பு எல்லாம் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ‘போர்’ என்பதைக் கண்டுபிடிக்கவே நேரம் ஆனது. மொழிபெயர்ப்பு அதைவிட மோசம். ஆற்றின் இரண்டு கரையிலும் நெல் விதை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘இரு வங்கிகளிலும் நெல் விதைக்கவும்’. கடல் நீரோட்டத்துக்கு ‘மின்சாரம் வடக்கு நோக்கி ஓடுகிறது’. படை புறப்பட ஒரு பொத்தான். அதில் ‘மார்ச் மாதம்’. இதற்கெல்லாம் மேல், சரக்கு ஏற்ற ‘துறைமுகத்தில் ஒரு கொக்கு கட்டவும்’. கிரேன் என்பதைப் பறவையாக்கிவிட்டார்கள்.

தணி ரோலிங் மில்லில் கிரேன் ஆபரேட்டர். “மாமா, நீங்க பதினோரு வருஷமா கொக்கு ஓட்டிக்கினு இருக்கீங்க” என்றேன். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரை ஏறிவிட்டது.

38வது சுற்றில் எல்லாம் நின்றது. அப்போது ஒரு மணி 35 நிமிடம். எழுந்து டீ போட்டுக் கொண்டே கணக்குப் போட்டேன்.

கெட்டது: எழுத்து, மொழி, பாதியில் நிற்பது, லேப்டாப் தோசைக்கல் மாதிரி சூடு.
நல்லது: வரைபடம். நதி திசை மாறினால் ஊரும் மாறுகிறது. எதிரி பொய் சொல்கிறான், அதை நாம் கண்டுபிடிக்கலாம். பழையதில் இது கிடையாது. உள்ளே இருக்கும் ஆட்டம் அருமை. மேல்பூச்சுதான் காயவில்லை.
இன்னொரு நல்லது: 38 சுற்றும் நானே ஆடினேன். தப்பும் தவறுமான தமிழில்தான். ஆனாலும் நானே.

திருப்பிவிடலாம் என்றார் தணி. வேண்டாம் என்றேன். அப்போது சொன்னார்:

“நான்தான் படிச்சு சொல்லிக்கினு இருக்கேனே. அதுக்குள்ள இன்னா அவசரம் உனக்கு?”

பாத்திரம் தேய்த்தேன். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அதிகமாகக் குத்தியது.

மறுபடி போய் உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தேன். இரண்டு மணி நான்கு நிமிடம் ஆனதும் செல்லை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்தார். இனித் திருப்ப முடியாது. பயம், கூடவே ஒரு குதியாட்டம்.

நவ. 11, செவ்வாய்

மழை. ரயில் லேட். நல்லதாய்ப் போயிற்று, பட்டியல் எழுத நேரம் கிடைத்தது. தினம் ஒரு மணி நேரம் ஆடி, கண்ணில் பட்ட தப்பையெல்லாம் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். எந்த இடம், என்ன இருக்கிறது, என்ன இருக்க வேண்டும். எதிர் சீட்டுக்காரம்மா செல்லில் யாரையோ: “நாஷ்டா துன்னியா இல்லியா, அத்த மட்டும் சொல்லு, பேஜாரு பண்ணாத.” அரை மணி நேரம் இதே கேள்வி.

கொக்குக்கு என்ன போடுவது என்று யோசித்தேன். பாரந்தூக்கி என்று ஒரு சொல் உண்டு. எங்கள் லோடுமேன்களிடம் கேட்டதற்கு கிரேன்னா கிரேன்தான் என்றார்கள். கிரேன் என்றே எழுதினேன். புரிய வேண்டும், அவ்வளவுதான்.

மொத்தம் 47 திருத்தம். ஆட்டக் கம்பெனியின் புகார்ப் பக்கத்தில் அனுப்பிவிட்டேன். தமிழிலேயே. அங்கே யாருக்குத் தமிழ் தெரியப் போகிறது என்றார் தணி. தமிழில் விற்கிறவர்களுக்குத் தெரியத்தான் வேண்டும் என்றேன்.

நவ. 14, வெள்ளி

பதில் இல்லை. பால் பாக்கெட் கிழிந்து ஃப்ரிட்ஜ் முழுக்கப் பால்.

ஆனால் ஒன்றைப் பிடித்துவிட்டேன். ஆட்டம் கண்டபடி நிற்பதில்லை. திரையில் விலை காட்டும் சந்தைப் பலகையைத் திறந்து வைத்தபடியே சுற்றை முடித்தால்தான் நிற்கிறது. மூடிவிட்டு முடித்தால் ஓடுகிறது. ஐந்து முறை செய்து பார்த்தேன், ஐந்து முறையும் அப்படித்தான். இதையும் எழுதி அனுப்பினேன். முதல் முறையாக அறுபது சுற்று தாண்டினேன். தணி நாற்காலியை இழுத்துப் போட்டுப் பார்த்தார்.

நவ. 17, திங்கள்

பதில்!

மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. நல்ல தமிழில், ஒரு பெண். மொழிபெயர்ப்பை இயந்திரத்திடம் விட்டுவிட்டார்களாம். இவர் கடைசியில்தான் வேலைக்குச் சேர்ந்தாராம், எல்லாவற்றையும் பார்க்க நேரம் கிடைக்கவில்லையாம். என் 47இல் 41ஐ அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். சந்தைப் பலகைக் கோளாறை அங்கேயும் செய்து பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். ‘இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி அனுப்பவில்லை’ என்று ஒரு வரி. அந்த வரியை ரயிலில் எத்தனை முறை படித்தேன் என்று எழுத மாட்டேன்.

தணியிடம் செல்லைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தார்.

“அன்னிக்கி நான் அப்டி சொல்லியிருக்கக் கூடாது, தேவகி.”

“தெரியுதுல்ல, போதும்” என்றேன். இரவு அவரே முட்டைக் குழம்பு வைத்தார். உப்பு ஜாஸ்தி. எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

நவ. 20, வியாழன்

திருத்தம் இறங்கியது. கொம்பெல்லாம் இடத்துக்கு வந்துவிட்டது. கரை கரையாகவே இருக்கிறது. சூடு மட்டும் குறையவில்லை. சீனுவிடம் சொன்னதும் நம்பாமல், சோதித்துப் பார்க்கவே மறுபடி வாங்கினார். ஞாயிறு நேரிலேயே ஆடிப் பார்த்துவிடுவோம் என்று முடிவு.

நவ. 23, ஞாயிறு

வெயில், பத்து நாளைக்குப் பிறகு. துணி காய்ந்தது.

சீனு செங்குன்றத்தில் பஸ் மாறிப் பத்து மணிக்கு வந்தார், கையில் புளியோதரை. ஒரே லேப்டாப். ஒருவர் சுற்று ஆடும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்க்க வேண்டும். சுவரைப் பார்த்தபடியே இரண்டு பேரும் கண்ணால் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு நாற்பதாவது சுற்றில் தெரிந்தது. இரண்டு பேர் படையும் தெற்கே, என் எல்லையில்.

பயந்ததுபோல நடித்தேன். சீனுவுக்கு உப்பு அனுப்பினேன், சமாதானம் கேட்டேன், தணியின் கப்பல் எங்கே நிற்கிறது என்றும் சொன்னேன். மன்னி ரொம்ப நல்லவா என்று நம்பித் தணியின் மேல் பாய்ந்தார். இருவரும் அடித்துக்கொண்ட நேரத்தில் நான் வடக்கே போய் ஆற்று முகத்துவாரத்தைப் பிடித்தேன். நெல் கப்பல் ஒன்றுகூட உள்ளே போகாது. நான்கே சுற்றில் சீனுவின் ஊர்களில் பஞ்சம். தணி இன்னும் பத்து சுற்று தாக்குப்பிடித்தார். மாலை நாலரைக்கு ஏழு துறைமுகமும் என் கொடி.

‘வெற்றி: தேவகி’. தமிழில். ஒரு கொம்பும் இடம் தவறாமல்.

“பாவி, உப்புக் குடுத்தே ஊட்ட காலி பண்ணிட்டாளே” என்று தணி சீனுவிடம். சீனு புளியோதரையை வழித்துக்கொண்டிருந்தார். நான் கை கழுவப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சத்தமில்லாமல் ஒரு ஆட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

நவ. 24, திங்கள்

காலையில் ரயிலில், விற்கும் தளத்தில் விமர்சனம் எழுதினேன். அந்தப் பக்கத்தில் தமிழில் அதுதான் முதல். தொடக்கத்தில் இருந்த கோளாறு, இப்போது சரியானது, இன்னும் சரியாகாதது (சூடு, எதிரிக் கப்பல் சில சமயம் கரையில் முட்டுகிறது) எல்லாம் மறைக்காமல். பழைய லேப்டாப் என்றால் பொறுங்கள். மற்றவர்கள் வாங்குங்கள்.

டீ நேரத்தில் திறந்தால் கீழே ஒன்பது கேள்வி. அதில் ஒன்று: ‘சார், உங்களை நம்பி வாங்கலாமா?’

சாயங்காலம் ரயில் கவரைப்பேட்டை தாண்டும்போது பதில் போட்டேன். ‘தாராளமாக வாங்கலாம். சார் இல்லை, மேடம்.’