தேங்காய் படுத்த இடம்

நெடுநேர ஆலோசனைக்குப் பிறகு இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு முடிவு எட்டப்பட்டது: சட்னிக்குத் தேங்காய் உடைப்பது. எதிர்ப்பு ஏதும் இல்லாமல் தீர்மானம் நிறைவேறியது. உடைப்பதற்கு முன் தேங்காயை உள்ளங்கையில் கிடத்தி அடுப்படியைச் சுற்றி நடந்தேன். அது எழுந்து நிற்கவில்லை. எங்கள் அடுப்படிக்கு அடியில் நீரோட்டம் கிடையாது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. "காலங்காத்தால என்னங்க கூத்து இது?" என்றாள் மனைவி. உன் பெயரைச் சொன்னேன். தேங்காய் உடைக்க அரிவாளை எடுத்து நீட்டினாள்.

சாவடிச் சுவரில் நாம் ஒட்டிவந்த பத்திரிகைக்கு நீ ஆசிரியன், கையெழுத்து என்னுடையது. சேலத்திலிருந்து பஸ்ஸில் வரும் பழைய பேப்பர்களைப் படித்து, கிரகணம் எப்படி வருகிறது, காலரா எதனால் பரவுகிறது என்று பெரிய எழுத்தில் எழுதுவோம். கேழ்வரகுக் கூழ்தான் பசை. அதனால் நம் முதல் வாசகர்கள் ஆடுகள். விஞ்ஞானத்தை அவற்றைப்போல் முழுமையாக உட்கொண்டவர் ஊரில் வேறு எவருமில்லை.

அந்த வறட்சியில் பொதுக்கிணறு வெட்ட முடிவானது. ஊர் மணியக்காரர், நீரோட்டம் பார்க்கும் தேங்காய்க்காரரை வரவழைத்துத் தம் வீட்டிலேயே விருந்து வைத்தார். தேங்காய் நன்றி மறக்கவில்லை. மணியக்காரர் தோட்டத்தில் துள்ளி எழுந்து நின்றது. சேரியை ஒட்டிய புறம்போக்கில் படுத்தே கிடந்தது. அங்கே சொட்டு நீரும் இல்லை என்று தேங்காய்க்காரர் சொல்லிவிட்டார்.

ஊர் மகிழ்ந்தது. சேரிக்காரர்கள் அந்தத் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாது. வேலிக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

நீ எழுந்து, "கண்ணக் கட்டிக்கிட்டு இன்னொருக்கா நடக்கச் சொல்லுங்க" என்றாய். தேங்காய்க்காரர் பெருந்தன்மையோடு சம்மதித்தார். துண்டால் கட்டினோம். தேங்காய் முதலில் களத்துமேட்டுப் பாறைமேல் எழுந்தது. அடுத்து மாட்டுக்கொட்டகையில் எழுந்தது. மணியக்காரர் தோட்டத்தில், முன்பு துள்ளிய அதே இடத்தில், அசையாமல் தூங்கியது.

"கண்ணக் கட்டுனா அருளு எப்படிப்பா பாக்கும்?" என்றார் மணியக்காரர்.

"அப்ப அருளுக்குச் சொந்தக் கண்ணு இல்லீங்களா?"

குற்றம் துண்டினுடையது என்று ஊர் தீர்ப்பளித்தது. அது என் துண்டு.

தோட்டத்தில் வெட்டினார்கள். தண்ணீர் வந்தது. "இப்ப என்னடா சொல்ற, பேப்பர்காரா?" என்று மணியக்காரர் கேட்க, ஊரே சிரித்தது.

"தண்ணி வந்துச்சு, ஒத்துக்கறேங்க. சேரிப் பக்கம் வராதுன்னீங்களே, அதை வெட்டிப் பாத்தது யாரு?"

மறுநாள் கடப்பாரையோடு புறம்போக்குக்குப் போனாய். சேரிக் காளியம்மாள் வழிமறித்தாள். "தேங்கா நின்னா என்ன, படுத்தா என்னங்க? ஒங்க வீம்புக்கு எங்க சனம் வெட்டி ஓயணுமா? தண்ணி வரலேன்னா?"

நீ மழுப்பவில்லை. "வரலாம், வராமயும் போவலாம் ஆத்தா. அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வரலேன்னா அதையும் செவுத்துல பெருசா எழுதி எம் பேரைப் போடறேன்."

"பேரு போட்டா கொடம் ரொம்பிடுமா?" என்றாள். பிறகு மண்வெட்டியை எடுத்தாள். "வேலிக்கு வெளிய குந்திக் கெடக்கறதுக்கு, இதையாச்சும் வெட்டலாம்."

மணியக்காரர் ஆள்விட்டு நம் பத்திரிகையைக் கிழித்தார். புறம்போக்கைத் தோண்டுவதாக மனு எழுதி உன்னைத் தாலுகா கச்சேரிக்கு அலையவிட்டார். நீ மறுபடி ஒட்டினாய், மறுபடி வெட்டினாய். பாறை தட்டிய அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்தது. சாயங்காலம் என்னை எழுதச் சொன்னாய்: "இன்றைய செய்தி: பாறை. தண்ணீர் இல்லை." அந்த இதழை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.

விஷக்காய்ச்சலில் நீ செத்துப்போனது தேங்காயைப் பழித்த பாவத்தால் என்கிறார்கள் ஊரில். தேங்காய்க்காரர் உனக்கு முன்பே போய்ச் சேர்ந்தாரே என்று கேட்டேன். அது வயசாம். கேள்வியையும் பதிலையும் எழுதிச் சாவடிச் சுவரில் ஒட்டினேன். கிழித்துவிட்டார்கள். இன்று மறுபடி ஒட்டப்போகிறேன். நாளைக்கும் காகிதம் வைத்திருக்கிறேன்.

பாறையை உடைத்தபோது அதற்கு அடியில் தண்ணீர் இருந்தது. மணியக்காரர் தோட்டத்து வேலிக்கு வெளியே குடம் வைத்துக் காத்திருக்கச் சேரியிலிருந்து இப்போது யாரும் போவதில்லை.