பந்தலுக்குள் மாடு வந்த மெட்டு

மூன்று கம்பிப் பிடிலில் முப்பது தோட்டங்களை ஆட வைத்த சக்கரவர்த்தியே, என் அருமை மச்சான் சிங்காரமே,

நீ மேலே போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை நான் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாததுதான். ஈப்போவில் வெயில், தைப்பிங்கில் மழை, என் முட்டியில் வலி. இதையெல்லாம் நீ அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருப்பாய். இப்போது ஒரு விஷயம் நடந்துவிட்டது. உட்கார்ந்து படி. உன் மெட்டு உன்னுடையது இல்லையாம்.

கோபப்படாதே, முதலிலிருந்து சொல்கிறேன்.

தைப்பிங்கிலிருந்து தேன்மொழி என்று ஒரு பெண் வந்தாள். டாக்டர், ஆனால் ஊசி போடாத டாக்டர். தோட்டத்துப் பழைய பாட்டுகளைத் தேடிப் பதிவு செய்கிறவள். ஈப்போ கல்யாணங்களில் பெண் மேடைக்கு வரும்போது உன் மெட்டைத்தானே வாசிக்கிறார்கள், அதை மூன்று பேரிடம் பதிவு செய்திருக்கிறாள். மூன்று பேருமே ஒரே இடத்தில் இரண்டு தரம் மேலே எகிறிவிட்டு, நீளமாகச் சறுக்கிக் கீழே இறங்குகிறார்களாம். அந்த எகிறலும் சறுக்கலும் எந்த ராகத்திலும் அடங்கவில்லை, எங்கிருந்து வந்தன என்று விசாரித்து விசாரித்து என்னிடம் வந்து சேர்ந்தாள். நாட்டில் வேறு ஆள் கிடைக்கவில்லை, பாவம்.

வரலாறு கேட்டு வந்தவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பியதுண்டா? அரண்மனையில் ஆரம்பித்தேன். மெட்டைக் கப்பலில் ஏற்றினேன், நடுக்கடலில் கேப்டனை அழ வைத்தேன். ஜப்பான் பட்டாளம் உன் பிடிலைக் கேட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு சல்யூட் அடித்த இடத்தில் அவள் பேனாவை நிறுத்தினாள்.

“அங்கிள், ஜப்பான்காரன் இருந்தப்ப சிங்காரம் அங்கிள் பொறந்துட்டாரா?”

“வயித்துல இருந்தாரும்மா.”

“அதுவும் இல்லலா அங்கிள். அவங்க அம்மாவே அப்ப சின்னப் பிள்ளையா இருந்திருப்பாங்க.”

படித்த பிள்ளைகளிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் பார். வேறு வழியில்லாமல் என் கல்யாணக் கதையை எடுத்தேன். அது பொய்யில்லை, முந்நூறு பேர் பார்த்தது. அன்றுதான் நீ அந்த மெட்டை முதல்முதலாகச் சபையில் வாசித்தாய். நான் தாலியைக் கையில் எடுக்கிறேன், எங்கள் வீட்டு மாடு லெச்சுமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து மணவறை முன்னால் நிற்கிறது. என் மாமனார் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். உன் வாசிப்புக்குக் காமதேனுவே இறங்கி வந்தாள் என்று நாற்பது வருஷமாகப் பேராக் மாநிலம் முழுக்க நான் சொல்லி வருகிறேன். அது என் மாலையில் பாதியைத் தின்றதை மட்டும் சொல்வதில்லை.

அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். நம் பழைய ரப்பர் தோட்டத்துக்கே போனோம். ரப்பரை வெட்டிவிட்டு எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை மரம் ஆகிவிட்டது. ஓரத்து வீட்டில் உன் பெண்டாட்டி, என் தங்கச்சி பாக்கியம், இன்னும் மூன்று மாடு வைத்துக்கொண்டிருக்கிறாள். மூன்றுக்கும் பெயர் லெச்சுமி. அவள் அடுப்படியில் இருந்தாள். எந்த வாசிப்பு உன் வாசிப்புக்குக் கிட்ட வருகிறது என்று நான் சொல்வதற்காக, தேன்மொழி வாசலில் ஸ்பீக்கரை வைத்து அந்த மூன்று பதிவில் ஒன்றைப் போட்டாள்.

எகிறல் வந்தது, சறுக்கல் வந்தது. செம்பனைக்குள்ளிருந்து மூன்று லெச்சுமியும் வந்தன. ஒன்று அவள் காரின் கண்ணாடியை நக்க ஆரம்பித்தது.

பாக்கியம் கரண்டியோடு வெளியே வந்தாள். “யாரு என் மாட்டைக் கூப்புட்டது?”

“யாரும் கூப்புடலம்மா. உன் வீட்டுக்காரரு மெட்டைப் போட்டோம்.”

“அதைத்தான் கேக்குறேன் அண்ணே. இன்னும் புண்ணாக்கே ஊறலை, இப்ப ஏன் கூப்புட்ட?”

நாங்கள் முழித்ததைப் பார்த்துவிட்டு, அவள் தோப்புப் பக்கம் திரும்பி வாயில் கையைக் குவித்தாள். “லெச்சுமீ, வா, வா, வாஆஆ…” இரண்டு எகிறல், ஒரு சறுக்கல். தேன்மொழியின் பேனா சாணத்தில் விழுந்தது. அவள் குனியவே இல்லை.

“சின்னப் பிள்ளையிலேருந்து இப்படித்தான் கூப்புடுறேன். அவரு வேலிக்கு அந்தாண்ட நின்னு கேப்பாரு.”

ஆக, என் கல்யாணத்துக்கு வந்தது காமதேனு இல்லை, புண்ணாக்குத் தேடி வந்த மாடு. அது போகட்டும். அதே வீட்டில்தானே மச்சான் நானும் வளர்ந்தேன்? தினம் இரண்டு வேளை அந்தக் குரல் என் தலைக்கு மேல் போயிருக்கிறது. ஒரு நாளாவது கேட்டேனா? நீ ஒருத்தன்தான் நின்று கேட்டிருக்கிறாய்.

மெட்டை உண்டாக்கியவர் என்று யார் பெயரை எழுதுவது என்று தேன்மொழி கேட்டாள். உன் பெயரே இருக்கட்டும் என்றாள் பாக்கியம். “கல்யாணமான புதுசுல அவரே கேட்டாரு, பாக்கியம், இது உன் பாட்டு, சபையில சொல்லட்டுமான்னு. நான்தான் வேணாம்னேன். மாட்டைக் கூப்புடுறதைப் போயி சொல்லுவாங்களா, வெக்கமா இருக்காது? இப்ப அவரு பேரை எடுத்தா, திருடிட்டாருன்னு பேசுவாங்க.”

நீ என்னிடமாவது சொல்லியிருக்கலாமே? சொன்னால் அதையும் ஊதி யானையாக்கிவிடுவேன் என்று பயந்தாயா?

பாக்கியம் மாட்டைக் கூப்பிட்டது தேன்மொழியின் கைபேசியில் பதிவாகியிருந்தது, அந்தக் குரலை அவளுக்கே போட்டுக் காட்டினாள். பாக்கியம் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இதுவா என் குரலு? இதைவிட நல்லாக் கூப்புடுவேன்லா. திரும்பப் பிடி.”

தேன்மொழி நான்கு தரம் பதிவு பிடித்தாள் மச்சான். நான்காவதில்தான் பாக்கியத்துக்குத் திருப்தி. தேன்மொழி இரண்டு வரி எழுதிப் படித்துக் காட்டினாள். மெட்டு, பாக்கியம். அதை அவள் அனுமதியோடு பிடிலில் ஏற்றியவர், சிங்காரம். உன் மனைவி ‘அனுமதியோடு’ என்ற சொல்லை இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தலையாட்டினாள்.

அடுத்த மாதம் ஈப்போவில் ஒரு மண்டபத்தில் ஊரைக் கூட்டி இதைப் போடுகிறார்கள். மேடையேறி அவளே சொல்லப் போகிறாள். ஒரே ஒரு நிபந்தனை வைத்திருக்கிறாள்.

“அண்ணன் வாயைத் தொறக்கக் கூடாது. தொறந்தா, மாடு மேடை ஏறி ஆடுச்சுன்னு சொல்லும். அப்புறம் நான் சொல்றதையும் எவனும் நம்பமாட்டான்.”

அவள் சொல்வது நியாயம். அதனால் உனக்குச் சத்தியம் செய்கிறேன். அன்றைக்கு முதல் வரிசையில் வெற்றிலையால் வாயை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். யார் என்ன கேட்டாலும் மேடையை மட்டும் கைகாட்டுவேன்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
நேற்றிலிருந்து தினம் அரை மணி நேரம் பேசாமல் இருந்து பழகும் உன் மச்சான்,
முனியாண்டி