நைனா அழித்த செய்திகள்

20 ஜனவரி, திங்கள்

நைனாவின் படகில் நான் வைத்த செய்திப் பெட்டி இன்றும் ஊமை. கரையிலிருந்து அம்மா அனுப்பிய ஒரு செய்தியும் அவருக்குத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெகதீஸ்வரன் சார் கல்லூரியிலிருந்து பார்க்க வருகிறார். அன்றும் இப்படியென்றால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். என் ஆராய்ச்சி அம்பேல்.

அம்மாவிடம் புலம்பினேன். "பொட்டி இன்னாடி பண்ணும்? கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே நான் சொல்றது எதுவும் உங்க நைனா காதுல ஏறுனதில்ல" என்றாள்.

21 ஜனவரி

கண்டுபிடித்துவிட்டேன். தலையிலடித்துக்கொண்டேன்.

ஏரி நடுவில் நங்கூரமிட்ட வேறொரு படகில் இருக்கும் நடுப்பெட்டி, அம்மா செய்தியையும் நைனா செய்தியையும் தனித்தனியாக அனுப்பாது. இரண்டையும் கலந்து ஒரே வீச்சில் இரு பக்கமும் அனுப்பும். நேரம் மிச்சம். அவரவர் தான் அனுப்பியதைக் கழித்தால் மற்றவர் செய்தி மிஞ்சும். கழிக்க அது பெட்டியில் இருக்க வேண்டுமே! நைனா அனுப்பிய கையோடு அழித்துவிடுகிறார். கேட்டால், இறால் ரகசியம் என்கிறார்:

"எறா எங்க கெடைக்குதுன்னு எழுதி வச்சிகினு, சாலமன் எட்டிப் பாக்கவா?"

சாலமன் பக்கத்துப் படகுக்காரர்.

22 ஜனவரி

கெஞ்சினேன். கத்தினேன். முடியாதாம். சோறு வேண்டாமென்று படுத்துவிட்டேன்.

23 ஜனவரி

அழிக்க மாட்டாராம்! நைனாவா? இவ்வளவு சுலபமாகவா?

24 ஜனவரி, வெள்ளி

திறந்தது! இரு பக்கமும்!

அம்மா அனுப்பியது: "கொழம்புக்கு நண்டு எடுத்துனு வா." நைனாவிடமிருந்து "சரி" என்று பதிலும் வந்தது. ஆனால் சார் — உற்சாகத்தில் அம்மாவின் பெட்டியில் வந்த நைனாவின் முதல் செய்தியை ஊருக்கே கேட்கும்படி படித்துத் தொலைத்தார்: "வடக்கு மேட்டாண்ட எறா குமியுது."

வேடிக்கை பார்த்த கூட்டம் டீ வருவதற்குள் காலி. சாலமன் செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினார். எனக்கு உயிரே போய்விட்டது. பெற்ற அப்பன் பிழைப்பில் மண்ணைப் போட்டேனே!

சாயங்காலம் எல்லோரும் வெறும் கூடையோடு வடக்கிலிருந்து திரும்பினார்கள். நைனா தெற்கிலிருந்து வந்தார். கூடை நிறைய எறா, மேலே நண்டு.

"அழிக்காதன்ன. அதான், பொட்டியில இருந்தாலும் பரவால்லன்னு ஒரு பொய்ய அனுப்பிச்சேன்."

அம்மா நண்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னது போய்ச் சேந்துடுச்சிடி!"

27 ஜனவரி

சாரின் அறிக்கை வந்தது. செய்தி அட்சரம் பிசகாமல் சேர்ந்ததாம். இன்னும் சில படகுகளுக்குப் பெட்டி தரலாமாம்.

காலையிலேயே வாசலில் வரிசை. முதல் ஆள் சாலமன்.

"மஞ்சு, எனுக்கும் ஒண்ணு குடும்மா. சத்தியமா அழிக்கவே மாட்டேன்."