விளக்கின் அடியில் வைத்த நார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் தயவில் இங்கே உன் அப்பாவின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட நலமாக இருக்கவேண்டும் என்று இரண்டு வேளையும் வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. முக்கால் பக்கம் அங்குள்ள குளிரைப் பற்றி எழுதிவிட்டு, நானும் உன் மாமியாரும் விடுமுறைக்குள் பேசிக்கொள்ளாவிட்டால் நீங்கள் இரண்டு வீட்டுக்கும் வராமல் விடுதியில் அறை எடுக்கப்போவதாகக் கடைசி இரண்டு வரியில் எழுதியிருந்தாய். அந்த இரண்டு வரியை நான் நான்கு முறை படித்தேன், உன் அப்பாவுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டினேன், பிறகு சாமி அலமாரியில் வைத்தேன், சாமியும் பார்க்கட்டும் என்று. பிறந்த வீடும் புகுந்த வீடும் எட்டுத் தெரு இடைவெளியில் இருக்கும்போது பெட்டியோடு விடுதிப் படி ஏறுகிற மகளைப் பெற்றவள் என்று என்னைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டால், விடுதியில் காலைச் சாப்பாடு இலவசமாமே என்றார் உன் அப்பா. அவரால் முடிந்த ஆறுதல் அது.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர்கள் வீட்டில் நடந்ததை நீ இன்னும் என் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தண்ணீர் கொடுத்த டம்ளரின் உள்ளே ஒரு கறை இருந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லையே, எழுந்து போய் அந்தத் தண்ணீரைக் கொட்டி, டம்ளரைத் தேய்த்துக் கழுவி, புதிதாகப் பிடித்து வந்து குடித்தேன், அவ்வளவுதான். கூடத்தில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்ததை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. எதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறவள் என்று பேர் வாங்கிய எனக்கு இது சறுக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சரி, பெரிய மனசு பண்ணி நாமே முதல் அடி வைப்போம் என்று தீர்மானித்தேன். நான் கொஞ்ச நாளாகக் குரோஷா ஊசியில் பாத்திரம் தேய்க்கும் நார் போட்டுக்கொண்டிருக்கிறேன். உனக்குப் பின்னி அனுப்பிய மூன்று ஸ்வெட்டரில் மிஞ்சிய நூல்தான். (ஒன்றை நீ போட்டிருக்கும் படம் வந்தது. மற்ற இரண்டைப் பற்றி நான் கேட்கமாட்டேன்.) யாரும் சொல்லித்தரவில்லை, பழைய மேஜை விரிப்பு ஒன்றை வரிசை வரிசையாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். சொரசொரப்பான நூல் என்பதால் நன்றாகத் தேய்க்கும், சீக்கிரம் காயும், பூப்போல இருப்பதால் கழுவுகிற வேலையும் கொஞ்சம் லேசாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, என்ன நிறம், எத்தனை இதழ், யாருக்குக் கொடுத்தது என்று நோட்டில் எழுதி வைக்கிறேன். ஏழு நாள் நம் தொட்டியில் தேய்த்துப் பார்த்து, இதழ் பிரிகிறதா, சாயம் போகிறதா என்று பார்க்காமல் ஒன்றையும் வெளியே கொடுப்பதில்லை, இது என் வழக்கம். அந்தப்படி பதினான்காம் எண், ரோஜா நிறம், எட்டு இதழ், அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் ஏழு நாள் வேலை பார்த்துத் தேறியது. அதை வெந்நீரில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, நல்ல காகிதத்தில் சுற்றி உன் அப்பாவிடம் கொடுத்து அனுப்பினேன்.

அவர் கொடுத்துவிட்டு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். “போன தடவை அவங்க டம்ளரை நீயே தேய்ச்ச. இந்தத் தடவை, நீங்களே தேய்ச்சுக்கங்கன்னு நாரையே அனுப்பிட்டியா?” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்பு, அதுவரை ஒரு நொடி கூட எனக்கு அது தோன்றவில்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் நான் உண்டதும் உறங்கியதும் பேருக்குத்தான். விடுதிக்காரன் உங்களுக்கு அறைச் சாவி கொடுப்பது போலவே கண்ணுக்குள் ஓடியது.

நான்காம் நாள் போன் வந்தது, உன் மாமியார்தான். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல். “சம்பந்தியம்மா, நீங்க அனுப்பின விரிப்பு வந்துச்சு. பூ மாதிரியே இருக்கு. சாமி விளக்குக்கு அடியில வச்சிருக்கேன். கையால போட்டதாச்சே, என் மனசு நெறஞ்சு போச்சு” என்றார். நான் சொல்லியிருக்கவேண்டியது ஒன்று, சொன்னது வேறு. “அதுக்கென்னங்க, சாமிக்குத்தானே” என்றேன். இந்த வாயால்தான் தினமும் தோத்திரம் சொல்கிறேன். போனை வைத்துவிட்டு நேராகச் சாமியிடம் போய், பால் பாத்திரம் தேய்த்த நார் உம் விளக்கின் அடியில் இருக்கிறது, தெரியாமல் நடந்ததை உறவுக்காகப் பொறுத்துக்கொள்ளும் என்று சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத தெய்வத்தைக் கும்பிடுவதில் இப்படி ஒரு சௌகரியமும் இருக்கிறது.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கடிதம் அரைப் பக்கத்தில் முடிந்திருக்கும். மறுவாரம் மறுபடி போன். அவருடைய பிரார்த்தனைக் குழுவில் பன்னிரண்டு பெண்களும் அந்த விரிப்பைப் பார்த்துவிட்டார்களாம், ஆளுக்கு ஒன்று வேண்டுமாம். ரோஜா நிறம், எட்டு இதழ். பன்னிரண்டு நாருக்கு ஏழு நாள் சோதனை எப்படி வைப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, உன் அப்பா வந்து, “ஏன்டி, அது பிளாஸ்டிக் மாதிரி நூலாச்சே, விளக்குத் திரி விழுந்தா என்ன ஆகும்?” என்று கேட்டார். ஒரு துண்டு நூலை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். எரியக்கூட இல்லை மகளே, சுருண்டு உருகிக் கறுப்பு முத்தாகச் சொட்டியது. மனசாட்சியை எப்படியோ சரிக்கட்டி வைத்திருந்தேன், நெருப்பை என்ன சொல்லிச் சரிக்கட்டுவது. இனி விடுதியோ வீடோ, சொல்லியே தீரவேண்டும் என்று, இரவோடு இரவாகப் பருத்தி நூலில் ஒரு விரிப்புப் போட்டு முடித்து, மறுநாள் காலை எட்டுத் தெருவையும் நடந்தே போனேன். போகும் வழியெல்லாம் மன்னிப்பை ஒப்பித்துக்கொண்டே போனேன்.

வாசலிலேயே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன், பால் பாத்திரம் உட்பட. அவர் நான் முடிக்கும்வரை கேட்டார். பிறகு, “உள்ள வாங்க, தெருவுக்கே கேக்குது” என்றார். உட்காரவைத்து, “அது நார்னு எனக்கு அன்னிக்கே தெரியும். குழாயில மாட்டற வளையம் போட்டிருக்கீங்க, சாமிக்கு எதுக்கு வளையம்? சோப்பு வாசனை வேற” என்றார். அப்படியானால் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றேன். “நார்னு எடுத்துக்கிட்டா நான் கோவிச்சுக்கணும். விரிப்புன்னு எடுத்துக்கிட்டா போன் பண்ணலாம். ரெண்டு வருஷமா போன் பண்ண எனக்கு ஒரு சாக்கு கிடைக்கல” என்றார். விளக்கேற்றும்போதெல்லாம் நாரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஏற்றுகிறாராம், எந்த நூல் உருகும் என்று தெரியாமலா குடித்தனம் நடத்துகிறேன் என்று ஒரு குத்தும் குத்தினார். நான் இரவோடு இரவாகச் செய்த தியாகம் அத்தோடு முடிந்தது. சாமியிடமும் அவர் முதல் நாளே சொல்லிவிட்டாராம். ஆக, சாமி எங்கள் இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறார்.

பிரார்த்தனைக் குழுவிடம் இப்போது உண்மையைச் சொல்லமுடியாது என்பதில் மட்டும் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. பன்னிரண்டும் பருத்தியில் போட்டுக் கொடுத்துவிடுவது என்று முடிவு, வளையம் இல்லாமல். தனியாக நான் போடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று உன் மாமியார் வியாழக்கிழமை தோறும் மதியம் ஊசியோடு நம் வீட்டுக்கு வருகிறார். நேற்று அவர் போட்ட இரண்டாம் விரிப்பில் நான்காம் வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தது. ஒரு பக்கம் இதழ் சப்பையாகத் தொங்கியது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அழகாக வந்திருக்கிறது என்றேன். அவர் போன பிறகு அதைக் கையில் எடுத்தேன், ஊசியையும் எடுத்தேன், ஒரு கண்ணிதானே, கால் மணி நேர வேலை. பிரிக்காமல் அப்படியே மடித்து டப்பாவில் வைத்து மூடிவிட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உலகத்தில் உனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஆகவே விடுதி வேண்டாம், முதல் வாரம் அங்கே, அடுத்த வாரம் இங்கே, நாங்கள் இருவரும் பேசி முடித்துவிட்டோம், உங்களைக் கேட்கவில்லை. இதையெல்லாம் நான் உனக்கு எழுதியது மாப்பிள்ளைக்குத் தெரியவேண்டாம், அவர் அம்மாவிடம் எதையும் மறைக்கத் தெரியாத பிள்ளை. குளிரில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. இருவரும் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நீண்ட ஆயுளும் குறையாத மனநிறைவும் பெற்று வாழ ஆண்டவன் துணை இருப்பான். டிக்கெட் எடுத்ததும் தேதியை இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் சொல், முன்னே பின்னே சொல்லிவிடாதே.

என்றும் உன் நலம் வேண்டும்
அம்மா