நாற்பதாம் நாள் சோப்பு

அண்ணி,

உங்கள் மகள் நேற்று எனக்கு ஒரு சோப்பு வாங்கி வந்தாள். ரவாங்கில் யாரோ வீட்டிலேயே கையால் செய்து விற்கிறார்களாம். "ஜப்பான்காரங்க பழைய முறை அத்தை, அரிசித் தவிடு போட்டது. கைக்கு ரொம்ப சாஃப்டா இருக்கும் லா," என்றாள். பிரித்ததும் தவிட்டு வாசம் வந்தது. தலைவலி என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த வாசத்தை நம் எஸ்டேட் லயத்து வீட்டுக்குக் கொண்டு வந்தவளே நான்தான். எண்பதுகளில் கிள்ளானில் ஒரு ஜப்பான்கார மேனேஜர் வீட்டில் வேலைக்கு இருந்தேன். அவர் மனைவி தவிட்டைத் துணியில் முடிந்து முகம் தேய்ப்பார். தவிடு, எண்ணெய், காஸ்டிக் சோடா சேர்த்துச் சோப்பும் செய்வார். கட்டிகளை அலமாரியில் அடுக்கி, நாள்காட்டியில் நாற்பதாம் நாளை வட்டமிடுவார். அதற்கு முன் நான் தொடப்போனால் "பெலும், பெலும்" என்று கையைத் தட்டிவிடுவார். 'இன்னும் ஆகவில்லை' என்பதற்கு அவர் கற்றிருந்த மலாய் அது.

நீங்கள் அப்போது கோல சிலாங்கூர் எஸ்டேட்டில் செம்பனைக்கு அடியில் புல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தீர்கள். முதுகில் ஒழுகுகிற பம்பு. கைக்கு உறை கிடையாது. நகமெல்லாம் கறுத்து, விரலிடுக்கு வெடித்திருந்தது. "சோறு பிசைய முடியல நாத்தனாரே. புள்ளைக்குக் கரண்டியாலதான் ஊட்டுறேன். அது மூஞ்சியத் திருப்பிக்குது," என்று அழுதீர்கள்.

எனக்குத்தான் வாய் நீளமாச்சே! "ஜப்பான் சோப்பு இருக்கு, ஒரே மாசத்துல கை பட்டாயிடும்," என்றேன். கோழிக்கென்று செகிஞ்சான் அரிசி மில்லிலிருந்து வாங்கிய தவிட்டில் நாமிருவரும் ஆறு கட்டி செய்தோம். பத்தாம் நாளே கல் மாதிரி இறுகிவிட்டது. நாற்பது நாள் கணக்கை உங்களிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன். "அதெல்லாம் பணக்கார வீட்டு ஆடம்பரம் அண்ணி. கட்டிதான் ஆயிருச்சே, போடுங்க."

போட்டீர்கள். "ஐயோ, எரியுதே!" என்று துள்ளினீர்கள்.

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பல்லக் கடிச்சுக்கிட்டுப் பொறுங்க."

நம் லயத்தில் எந்தக் களிம்புக்கும் இதைத்தானே சொல்வோம். நீங்களும் நம்பினீர்கள். நான் கிள்ளானுக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து வந்தபோது உங்கள் உள்ளங்கை தோலே இல்லாமல் சிவந்து கிடந்தது. காலையும் மாலையும் விடாமல் தேய்த்திருக்கிறீர்கள். "பழசு உரிஞ்சாதானே புதுத் தோல் வரும்?" என்று கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். படுபாவி நான். அந்தக் கையோடுதான் மறுநாளும் பம்பைத் தூக்கிப் போனீர்கள்.

அதே வாரம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்தீர்கள். எட்டு நாளும் பிள்ளையைத்தான் கேட்டீர்கள். புண் வழியாகப் புல் மருந்தின் விஷம் உள்ளே இறங்கிவிட்டது என்றார் டாக்டர். "இவ்வளவு புண்ணோட யார் இவங்கள வேலைக்கு அனுப்புனது?" என்று அண்ணனிடம் சத்தம் போட்டார். சாவு வீட்டில் எல்லோரும், வேலைக்கு விரட்டிய மண்டோரைத் திட்டினார்கள். அவன் திட்டு வாங்க வேண்டியவன்தான். ஆனால் எல்லோரையும்விட உரக்கத் திட்டியது நான்.

கருமாதிக்கு முன்பே சோப்புக்கு நாற்பதாம் நாள் வந்தது. குசினிப் பலகையில் மிச்சம் நான்கு கட்டிகள் இருந்தன. வெங்காயம் நறுக்கும்போது என் விரலை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டியை எடுத்து, நுரையை அந்தப் பச்சைப் புண்ணிலேயே வைத்துத் தேய்த்தேன். எரிய வேண்டும், கை வெந்து போகவேண்டும் என்று அப்படியே நின்றேன்.

எரியவே இல்லை, அண்ணி.

கழுவிய அந்தக் கையால்தான் அன்றைக்கு உங்கள் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன். முகத்தைத் திருப்பாமல் தின்றாள். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.